பத்து வருஷம் தாண்டினவங்களோட இன்டர்வியூ அனுபவம்: நடந்ததை மட்டும் சொல்லுங்க

பேட்ச்_ஜாப்:
ஒரே கம்பெனியில பத்து வருஷத்துக்கு மேல ஓடிடுச்சு. ஜாவா, ஆரக்கிள், கொஞ்சம் ஸ்பிரிங், நிறைய ராத்திரி முழிப்பு. இப்பதான் வெளிய தேடலாம்னு இறங்கியிருக்கேன். படிச்சு முடிச்சுட்டு வர்ற பசங்களுக்கு வழி சொல்ல ஆயிரம் வீடியோ கிடக்கு. நம்ம மாதிரி ஆளுங்களுக்குக் கிடைக்கிறது எல்லாம் பொத்தாம்பொதுவான அறிவுரைதான். அது வேண்டாம். உள்ள போய் உக்காந்தப்ப என்ன கேட்டாங்க, நீங்க என்ன சொன்னீங்க, அது போதும்.

தூங்காத_சர்வர்:
எனக்கு பேனல்ல இருந்தவர் என்னைவிட வயசுல ரொம்பச் சின்னவர். லிங்க்டு லிஸ்ட்டைத் திருப்பிப் போடற மாதிரி பாடப்புத்தகக் கேள்வி வரும்னு தயாராப் போயிருந்தேன். அவர் லேப்டாப்பை மூடி வச்சுட்டு, "நீங்களே கையை வச்சுச் சரி பண்ணின ஒரு புரொடக்‌ஷன் பிரச்சினையைச் சொல்லுங்க"ன்னார்.

மொபைல் நம்பர் கதையைச் சொன்னேன். கஸ்டமரை நம்பர் வச்சுத் தேடற ஸ்கிரீன் திடீர்னு நத்தை மாதிரி ஆயிடுச்சு. டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல். டேபிள்ல நம்பர் இருக்கற பத்திக்கு இன்டெக்ஸ், அதாவது சீக்கிரம் தேட வரிசைப்படுத்தின பட்டியல், இருக்கு, யாரும் தொடலை. ஸ்லோ குவெரி லாக், அதாவது மெதுவா ஓடற தேடலைக் குறிச்சு வைக்கற பதிவு, ஆன்ல இருக்கு, ஆனா காலி. எல்லாரும் நெட்வொர்க் டீமைத் திட்டிக்கிட்டு இருந்தாங்க.

"லாக் ஏன் காலி?"ன்னு அங்கேயே நிறுத்தினார். எவ்வளவு நேரம் ஆனா ஸ்லோன்னு எழுதணும்ங்கற அளவு டீஃபால்ட்டா 10 வினாடி. எங்க குவெரி மூணு நாலு வினாடிதான் எடுத்துச்சு. அதனால அது கண்ணுக்கு எல்லாமே வேகமாத்தான் தெரியும். அளவை 1 வினாடிக்கு இறக்கினதும் லாக் கொட்ட ஆரம்பிச்சுது.

எக்ஸ்பிளைன் போட்டு மைஎஸ்க்யூஎல் எப்படித் தேடுதுன்னு பார்த்தா, பாசிபிள் கீஸ்ல இன்டெக்ஸ் பேர் இருக்கு. நிஜமா எடுத்த இன்டெக்ஸைக் காட்டற கீ பத்தியில நல், அதாவது எதுவும் இல்லை. டேபிள் முழுக்க ஸ்கேன். காரணம், நம்பர் எழுத்தாச் சேமிக்கற வார்கேர் பத்தியில இருக்கு, புதுசா வந்த சர்வீஸ் அதை மேற்கோள் இல்லாம எண்ணா அனுப்புது. எழுத்தையும் எண்ணையும் ஒப்பிடணும்னா மைஎஸ்க்யூஎல் ஒவ்வொரு ரோவையும் எண்ணா மாத்தித்தான் பார்க்கும். '1', ' 1', '1ஏ' மூணுமே 1-ன்னுதான் மாறும். அப்ப இன்டெக்ஸோட வரிசை எதுக்கும் உதவாது.

இதுக்கு அப்புறம்தான் இன்டர்வியூவே சூடு பிடிச்சுது. "ஏன் பத்தியோட டைப்பையே மாத்தலை?" முன்னாடி பூஜ்யம் வர்ற நம்பர், பிளஸ் குறி வர்ற நம்பர் எல்லாம் இருக்குன்னேன். "திரும்ப வராம இருக்க என்ன பண்ணீங்க?" அனுப்பற பக்கம் டைப்பைச் சரி பண்ணி, டெஸ்ட் டேட்டாவைப் பெருசாக்கினோம், நூறு ரோ இருக்கற டேபிள்ல இந்தக் கோளாறு ஜென்மத்துக்கும் தெரியாது. இப்படியே நேரம் முழுக்கப் போச்சு. லிங்க்டு லிஸ்ட் வரவே இல்லை. ஆஃபர் வந்துச்சு.

ஒன்னு கவனிச்சேன். நான் என்ன பண்ணேன்னு அவர் கேட்டது கம்மி. எதை ஏன் பண்ணலைன்னுதான் துருவித் துருவிக் கேட்டார்.

பேனல்_பெஞ்ச்:
நான் எதிர்ப் பக்கம் உக்காந்து கேள்வி கேக்கற ஆள். தூங்காத_சர்வர் சொன்னதுல ஆச்சரியம் ஒன்னும் இல்லை, நானும் அப்படித்தான் கேப்பேன்.

ரெஸ்யூமேயில பாதிப் பக்கத்துக்கு டூல் பேரா அடுக்கி வருவாங்க. அதுல நான் எதையாவது ஒன்னை எடுப்பேன். ஒருத்தர் காஃப்கான்னு, சர்வீஸ்களுக்கு நடுவுல மெசேஜ் கடத்தற டூலை, தடிமனான எழுத்துல போட்டிருந்தார். "ஒரு கன்சியூமர் குரூப்ல பார்ட்டிஷனைவிட கன்சியூமர் எண்ணிக்கை அதிகமானா என்ன ஆகும்?" ரொம்ப நேரம் சுத்தி வளைச்சார், லோடு பேலன்ஸ் ஆகும்னார், வேகம் கூடும்னார். ஒரு பார்ட்டிஷனை, அதாவது ஒரு மெசேஜ் வரிசையை, குரூப்ல ஒரு கன்சியூமர்தான் படிக்கும்; மிச்சம் இருக்கற கன்சியூமர் சும்மா உக்காந்திருக்கும், அவ்வளவுதான். தெரியாதது தப்பே இல்லை. தெரிஞ்ச மாதிரி பேசினதுக்கு அப்புறம் அவர் உண்மையாச் செஞ்ச வேலையையும் நம்ப முடியலை, அதான் சங்கடம்.

அதே கேள்விக்கு இன்னொருத்தங்க, "நான் காஃப்காவை செட்டப் பண்ணதில்லை, மெசேஜ் வாங்கற பக்கம் மட்டும்தான் எழுதினேன்"ன்னாங்க. சரி, அதைச் சொல்லுங்கன்னேன். ஒரே மெசேஜ் ரெண்டு தடவை வந்து ஒரே ஆர்டருக்கு ரெண்டு பில் போன கதை வந்துச்சு. ஆர்டர் நம்பரோட ஒரு தனி ஐடியைச் சேர்த்து யூனிக் கீ வச்சு, ரெண்டாவது தடவை வந்தா பேசாம விட்டுடற மாதிரி மாத்தியிருந்தாங்க. அந்த யூனிக் கீயையும் பில்லையும் ஒரே டிரான்ஸாக்‌ஷன்ல எழுதினீங்களான்னு கேட்டேன். "இல்லைன்னா நடுவுல விழுந்தா பில்லே போகாதே சார்"னு பட்டுன்னு வந்துச்சு. எடுத்துக்கிட்டோம்.

தொடர்_ரிஜெக்ட்:
எனக்கு எல்லா ரவுண்டும் முடிஞ்சப்புறம் ஹெச்ஆர் போன் பண்ணி, "நீங்க இந்த ரோலுக்குக் கொஞ்சம் அதிக சீனியர்"ங்கறாங்க. ரெஸ்யூமேயைப் பார்த்துத்தானே கூப்பிட்டீங்க? அப்ப தெரியலையா?

பேனல்_பெஞ்ச்:
@தொடர்_ரிஜெக்ட் பாதி நேரம் அது பட்ஜெட் பிரச்சினை, வாய் விட்டுச் சொல்ல மாட்டாங்க. மீதி நேரம், இவர் மூணு மாசத்துல போரடிச்சுக் கிளம்பிடுவார்ங்கற பயம். முதல் போன்லயே சம்பள வரம்பையும், கோடு எழுதற வேலையா ஆளை மேய்க்கற வேலையாங்கறதையும் நீங்களே கேட்டுடுங்க. நாலு ரவுண்டு மிச்சம்.

மறுபடி_லாகின்:
குழந்தைக்காகச் சில வருஷம் வேலையை விட்டுட்டுத் திரும்பி வந்தவ நான். விட்டப்ப எல்லா இடத்துலயும் ஜாவா 8. வந்து பார்த்தா 17-ங்கறாங்க, 21-ங்கறாங்க. முதல்ல மலைப்பா இருந்துச்சு. உக்காந்து படிச்சா, ரெக்கார்ட், வார், டெக்ஸ்ட் பிளாக், புது சுவிட்ச் எல்லாம் சில நாள்ல பழகிடுச்சு. 2023-ல வந்த 21-ல விர்ச்சுவல் த்ரெட் மட்டும்தான் நிதானமாப் படிக்க வேண்டியிருந்துச்சு.

நான் சொல்ல வந்தது வேற. ஒரு இன்டர்வியூவில ஏஐ அசிஸ்டன்ட்டைத் திறந்து வச்சுக்கோங்க, தாராளமாக் கேளுங்கன்னுட்டாங்க. சின்ன வேலை: பேமென்ட் லிஸ்ட்டைப் பக்கம் பக்கமாத் தர்ற ஒரு ஏபிஐ, கீழ மொத்தத் தொகை. அது கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள எழுதிக் கொடுத்துடுச்சு. டெஸ்ட்டும் சேர்த்து, எல்லாம் பச்சை.

பேனல்ல இருந்தவர் ஒன்னும் பேசலை. என் ஸ்கிரீனைப் பார்த்துக்கிட்டே இருந்தார். படிச்சேன். தொகைக்கு டபுள், அதாவது தசம எண்ணைத் தோராயமா வைக்கற டைப், போட்டிருக்கு. ஜாவால 0.1-ஐயும் 0.2-ஐயும் டபுளாக் கூட்டினா 0.30000000000000004 வரும், பணத்துக்கு அது ஆகாதுன்னு சொல்லி, துல்லியமா வைக்கற பிக்டெசிமலுக்கு மாத்தினேன். உடனே ஒரு டெஸ்ட் சிவப்பாச்சு. எதிர்பார்த்தது 2.0, வந்தது 2.00. பிக்டெசிமல்ல ஈக்வல்ஸ் போட்டா ரெண்டும் வேற வேற, ஸ்கேலையும், அதாவது புள்ளிக்கு அப்புறம் எத்தனை இலக்கம்னும், சேர்த்துப் பார்க்கும். கம்பேர்டூ போட்டாத்தான் ஒன்னு. அதையும் மாத்தினேன்.

அப்புறம் ஆஃப்செட், இத்தனை ரோவைத் தாண்டிட்டு எடுன்னு சொல்றது. பத்தாயிரமாவது பக்கம் கேட்டா அதுக்கு முன்னாடி இருக்கற ரோ எல்லாத்தையும் எண்ணித் தள்ளிட்டுத்தான் வரும். நடுவுல புதுப் பேமென்ட் வந்தா ஒரு வரி ரெண்டு பக்கத்துலயும் தெரியும். கடைசியாப் பார்த்த ஐடியை வச்சு அடுத்த பக்கம் எடுக்கற மாதிரி எழுதினேன். "அப்ப பயனர் நேரா 50-ஆவது பக்கத்துக்குத் தாவ முடியாதே?"ன்னார். முடியாது, அது தேவையான்னு நீங்கதான் சொல்லணும்னேன். சிரிச்சுட்டார்.

இடைவெளி வருஷங்களைப் பத்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. ஒரே வரியில பதில் சொன்னேன், நகர்ந்துட்டாங்க.

ஸ்ட்ரட்ஸ்_தாத்தா:
மறுபடி_லாகின் சொன்னது பிரமாதம்மா. நான் உங்க எல்லாருக்கும் மூத்தவன். ஸ்ட்ரட்ஸ் 1-ங்கற பழைய ஜாவா ஃபிரேம்வொர்க்குக்கு அப்பாச்சிக்காரங்க 2013-லயே முழுக்குப் போட்டுட்டாங்க, இன்னும் எத்தனை இடத்துல ஓடிக்கிட்டு இருக்குன்னு தெரிஞ்சா தூக்கம் வராது. அதைத் தெரிஞ்ச ஆள் வேணும்னுதான் ஒரு பழைய சக ஊழியர் கூப்பிட்டார். ரெஸ்யூமேயே அப்புறம்தான் கேட்டாங்க. என் வயசுல வேலை முக்கால்வாசி அப்படித்தான் வருது. அதனால விட்டுப் போன கம்பெனியில யார்கிட்டயும் கதவைச் சாத்திட்டு வராதீங்க.

பேனல்ல அவங்க தொழில்நுட்பத் தலைவர், சி.டி.ஓ. ஒரே கேள்வி. "இதை மொத்தமாத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எழுதிடலாமா?" ஆமான்னு சொன்னா அவருக்கு இனிக்கும்னு முகத்துலயே தெரிஞ்சுது. வேண்டாம்னேன். நெட்ஸ்கேப்னு ஒரு பிரவுசர், அதோட 4 வந்தது 1997. பழைய கோடைத் தள்ளி வச்சுட்டு முதல்லருந்து எழுத உக்காந்தாங்க; 6 வெளிய வர 2000 நவம்பர் ஆச்சு, 5 வரவே இல்லை. அதுக்குள்ள பிரவுசர் சந்தை கை மாறிடுச்சு. மார்ட்டின் ஃபவுலர் 2004-ல எழுதின, இப்ப ஸ்டிராங்ளர் ஃபிக்னு சொல்ற வழிதான் எனக்கு ஒத்து வரும்: முன்னாடி கோரிக்கையை வாங்கித் திருப்பி விடற ஒரு ராக்ஸி, ஒவ்வொரு ஸ்கிரீனாப் புதுசுக்குத் திருப்பு, பழசு தானா ஒடுங்கட்டும்.

"எந்த ஸ்கிரீன் முதல்ல?"ன்னார். ஆக்சஸ் லாக்கைக் கொடுங்க, பார்த்துட்டுச் சொல்றேன்னேன். லாக்கைப் பார்க்காம அதுக்குப் பதில் சொல்றவனை நம்பாதீங்கன்னும் சொன்னேன். கொஞ்சம் வாய்த்துடுக்குதான்.

தொடர்_ரிஜெக்ட்:
தாத்தா, அது ப்ராக்ஸி 🙂

ஸ்ட்ரட்ஸ்_தாத்தா:
கீபோர்டும் ஸ்ட்ரட்ஸ் காலத்துதுதான் தம்பி.

பேட்ச்_ஜாப்:
எல்லாருக்கும் நன்றி. சிஸ்டம் டிசைன் ரவுண்டுதான் எனக்கு வயித்தைக் கலக்குது. நான் கோடிப் பேர் பயன்படுத்தற எதையும் கட்டினதில்லை.

மறுபடி_லாகின்:
கட்டியிருக்கணும்னு யாரும் எதிர்பார்க்கலை. எனக்கு வந்தது நீளமான லிங்க்கைச் சுருக்கற சர்வீஸ், எல்லாருக்கும் வர்ற அதே பழைய கேள்வி. எடுத்த உடனே ரெடிஸ், காஃப்கா, ஷார்டிங்னு போர்டுல பெட்டி பெட்டியா வரையாம, ஒரு நாளைக்கு எத்தனை லிங்க் உருவாகும்னு கேட்டேன். சில ஆயிரம்னாங்க. அதுக்கு ஒரே ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் பெட்டி தாராளம், பேக்கப்பும் ஒரு ரெப்ளிகாவும் (நகல்) போதும்னேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண் சேர்த்து 62 குறி; ஏழு இடம் வச்சா 3.5 லட்சம் கோடி சேர்க்கை. தீரவே தீராது. மீதி நேரம், ஒரே லிங்க்கை ரெண்டு பேர் சுருக்கினா என்ன பண்றது, மோசடி லிங்க்கை எப்படி முடக்கறதுன்னு பேசினோம். அதெல்லாம் நீங்க தினமும் பார்க்கற பிரச்சினைதான்.

தொடர்_ரிஜெக்ட்:
வீட்டுல செஞ்சுட்டு வாங்கன்னு அசைன்மென்ட் கொடுக்கறவங்களையும் சேர்த்துக்கோங்க. ஒரு கம்பெனி கொடுத்ததை முடிக்க ஒரு டீமுக்கே ஒரு ஸ்பிரிண்ட், அதாவது ஒரு முழு வேலைச் சுற்று, ஆகும். லாகின், ரோல், ரிப்போர்ட், டாக்கர் எல்லாம். இன்டர்வியூ டாஸ்க் இல்லை அது, அவங்க பேக்லாக், தேங்கின வேலை. மரியாதையா மறுத்துட்டேன்.

பேட்ச்_ஜாப்:
சரி, நானும் ஒன்னு எழுதிப் பார்க்கறேன், தேறுமா சொல்லுங்க. எங்க ராத்திரி பேட்ச் (மொத்தமா ஓடற வேலை) அடிக்கடி ஆரக்கிளோட ஓஆர்ஏ 01555 எரர்ல விழும், ஸ்னாப்ஷாட் டூ ஓல்டு. எல்லாரும் அண்டோ டேபிள்ஸ்பேஸை, அதாவது மாத்தினதோட பழைய மதிப்பை வைக்கற இடத்தை, பெருசாக்கச் சொன்னாங்க. பெருசாக்கினாங்க, கொஞ்ச நாள் கழிச்சுத் திரும்ப விழுந்துச்சு. கோடைப் பார்த்தா, ரோ ரோவாப் படிக்கற ஒரு கர்சரைத் திறந்து வச்சுக்கிட்டு, அதே டேபிளை லூப்ல அப்டேட் பண்ணி, ஒவ்வொரு ரோவுக்கும் கமிட், அதாவது மாற்றத்தை உறுதி பண்றது. கர்சருக்கு அது திறந்த நேரத்துப் பழைய டேட்டா வேணும். கமிட் ஆயிட்டதால அந்த அண்டோவை ஆரக்கிள் மேல எழுதிடுது. தன் காலைத் தானே வெட்டிக்குது. மொத்தத்தையும் ஒரே மெர்ஜ் ஸ்டேட்மென்ட்டா மாத்தினேன்.

பேனல்_பெஞ்ச்:
தேறும். அடுத்து நான் கேக்கப் போறது: அந்த ஆள் ஏன் ஒவ்வொரு ரோவுக்கும் கமிட் போட்டார்?

பேட்ச்_ஜாப்:
நடுவுல விழுந்தா விட்ட இடத்துல இருந்து தொடரணும்னு. ஒரே ஸ்டேட்மென்ட்டா இருந்தா விழுந்தா முழுசா ரோல்பேக், மறுபடி முதல்லருந்து. ஆனா மெர்ஜ் பல மடங்கு சீக்கிரம் முடிஞ்சதால முதல்லருந்து ஓட்டினாலும் விடியறதுக்குள்ள முடிஞ்சுடும். அதைக் கணக்குப் போட்டுத்தான் மாத்தினேன்.

பேனல்_பெஞ்ச்:
இதை ரெஸ்யூமே முதல் பக்கத்துல மூணு வரியில போடுங்க. டூல் லிஸ்ட் கீழ போகட்டும். கம்பெனி பேர், கிளையன்ட் பேர், டேபிள் பேர் எதுவும் வேண்டாம். பழைய டிக்கெட்டை டவுன்லோடு பண்ணி வெளிய எடுத்துட்டு வராதீங்க, வேலைக்கே உலை வச்சுடும். ஞாபகத்துல இருந்து சொந்த வார்த்தையில எழுதினாப் போதும்.

தூங்காத_சர்வர்:
மெர்ஜுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் ஓடுச்சு, அப்புறம் எவ்வளவுன்னு நம்பர் இருக்கா? இருந்தா அதையும் போட்டுடுங்க.

பேட்ச்_ஜாப்:
டேட்டாபேஸைப் பார்த்துக்கற டிபிஏகிட்ட கேட்டிருக்கேன். "எதுக்கு திடீர்னு?"ங்கறார். என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.