11 வருஷமா நின்ன அப்பாவோட சேத்தக், எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

விசாரம் பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு மேல்விஷாரம். அப்பா தோல் ஷாப்ல வேலை பாத்தவர், 1996-ல ஒரு பஜாஜ் சேத்தக் வாங்கினார், டிஎன் 23 நம்பர். அவர் காசுல வாங்கின ஒரே வண்டி அதுதான். சின்ன வயசுல முன்னாடி ஃபுட்போர்டுல நின்னுகிட்டு ஆற்காடு மார்க்கெட்டுக்கு எத்தனை தடவ போயிருப்பேன்னு கணக்கே இல்ல. 2014-ல அவருக்கு ஒடம்பு முடியாம போனப்ப வீட்டு சந்துல தகர ஷீட்டுக்கு கீழ நிறுத்தினது, அடுத்த வருஷம் அவர் போயிட்டார், அதுக்கப்புறம் யாரும் தொடல. பழைய இரும்புக்காரர் ரெண்டு தடவ வந்து கேட்டார், அம்மா குடுக்க விடல.

இப்ப எனக்கு அத ஓட்டணும். நிலைமை என்னன்னா ரெண்டு டயரும் தரையோட ஒட்டிகிட்டு கெடக்கு, சைலென்சர் வாயில குளவி மண்ணு வச்சு அடைச்சிருக்கு, டேங்க் மூடிய தெறந்தா பெட்ரோல் வாசனையே இல்ல, பழைய வார்னிஷ் மாதிரி ஒரு நெடி, டார்ச் அடிச்சு பாத்தா அடியில செவப்பா துரு. இதுல 2021 நவம்பர்ல பாலாறு பெருகி வந்தப்ப எங்க சந்துல தண்ணி நின்னு பாதி சக்கரம் ரெண்டு நாள் முங்கி இருந்துச்சு.

தம்பி ஃப்ரெண்டு ஒருத்தர் "புது பிளக் போட்டு பெட்ரோல் ஊத்தி நாலு கிக் அடிச்சா கெளம்பிடும்"ங்கறார். ஆனா எங்க மாமா வண்டிய இப்படித்தான் ஒரு மெக்கானிக் எடுத்ததும் கிக் அடிச்சு, கெளம்பின கால் மணி நேரத்துல பிஸ்டன் புடிச்சுகிச்சு, அதான் பயமா இருக்கு. எத மொதல்ல பாக்கணும்? ஆர்சி புக்கு அப்பா பேர்ல இருக்கு, 2011-ல ரினிவல் பண்ணது 2016-லயே முடிஞ்சிடுச்சு, இனிமே அத சரி பண்ண முடியுமா?

காட்பாடி டூஸ்ட்ரோக்:
கிக்கர்ல கால வெக்காதீங்க சிஸ்டர், யார் சொன்னாலும் வெக்க விடாதீங்க. டூ ஸ்ட்ரோக்ல இன்ஜினுக்கு ஆயில் பெட்ரோலோட கலந்துதான் வரும், அதனால இத்தன வருஷம் நின்ன வண்டியில சிலிண்டர் சொவர்ல ஒரு சொட்டு ஆயில் இருக்காது. பிஸ்டன சுத்தி இருக்கற ரிங்கு துருவோட ஒட்டியிருக்கும், வேகமா கிக் அடிச்சா ரிங்கு ஒடையும் இல்ல சொவர்ல கோடு விழும்.

பிளக்க கழட்டி அந்த ஓட்டை வழியா ரெண்டு ஸ்பூன் 2டி ஆயில் (பெட்ரோல்ல கலக்கற டூ ஸ்ட்ரோக் ஆயில்) ஊத்தி ரெண்டு ராத்திரி அப்படியே விடுங்க. அப்புறம் டாப் கியர்ல போட்டு, பின் சக்கரத்த தூக்கி வச்சு, கையால மெதுவா முன்ன பின்ன ஆட்டுங்க. கியர் கேபிள் புடிச்சிருந்தா கியர் விழாது, அப்ப வலது பக்க கவர கழட்டிட்டு கூலிங் ஃபேன கையால திருப்பி பாருங்க. கொஞ்சம் கொஞ்சமா எளகும். எளகலன்னா பலம் போடாதீங்க, திரும்ப ஆயில் ஊத்தி காத்திருங்க. நான் ஒரு வண்டிக்கு 9 நாள் காத்திருந்தேன், பத்தாவது நாள் காலைல தொட்டதும் சுத்திச்சு.

தண்ணியில நின்னதுன்னு சொன்னதால கியர் பாக்ஸ் ஆயில அடி போல்ட்ட கழட்டி ஒரு டப்பாவுல புடிங்க. மோர் மாதிரி வெளுத்து வந்தா உள்ள தண்ணி போயிருக்குன்னு அர்த்தம். டேங்க்ல இருக்கறத அப்படியே கொட்டிடுங்க, சிட்ரிக் ஆசிட் கலந்த சுடு தண்ணி ஊத்தி கொஞ்சம் சின்ன நட்டு போட்டு குலுக்கி ஒரு நாள் வச்சா துரு கழண்டு வரும், அப்புறம் சோடா உப்பு தண்ணியில அலசி, நம்ம ஊரு வெயில்ல கவுத்து நல்லா காய வெச்சுடுங்க. பெட்ரோல் டியூப் புதுசா வாங்குங்க, இப்ப பங்க்ல வர்ற எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர தின்னுடும். கார்புரேட்டர் ஜெட்டுல ஊசி விட்டு குத்தாதீங்க, ஓட்டை பெருசாயிட்டா மைலேஜும் போச்சு செட்டிங்கும் போச்சு, கிளீனர் அடிச்சு காத்து ஊதுனா போதும்.

மாமா வண்டி புடிச்சதுக்கு காரணம் கிராங்க் ஆயில் சீலா இருக்க வாய்ப்பு அதிகம், அதாவது இன்ஜின் உள்ள சுத்தற கிராங்க் தண்டோட ரெண்டு பக்கமும் காத்து போகாம அடைக்கற ரப்பர் வளையம். வருஷக்கணக்கா நின்னா அந்த ரப்பர் காஞ்சு சுருங்கிடும், மேக்னெட் பக்கம் காத்து உள்ள வரும், பெட்ரோலும் ஆயிலும் கம்மியாகி இன்ஜின் சூடாகி புடிச்சுக்கும். ஆக்சிலேட்டர் குடுக்காமலே ரேஸ் ஆச்சுன்னா ஒடனே நிறுத்துங்க. செலவு பாக்காம ரெண்டு சீலும் மாத்திடுங்க.

தொரப்பாடி தாத்தா:
இன்ஜின் கதைய அப்புறம் வச்சிக்கம்மா. மொதல்ல வண்டி பாடி எப்படி கீதுன்னு பாரு. சேத்தக்குக்கு தனியா ஃபிரேம் கெடையாது, அந்த தகடுதான் வண்டியே. ஒங்கப்பா தோல் ஷாப்புக்கு போய்னு வந்தவர், உப்புத்தோல் கெடக்கற எடத்துல தினம் நிறுத்தி வச்சிருப்பாரு, அந்த உப்பு அடியில ஏறியிருக்கும், அதும் மேல வெள்ளத் தண்ணி வேற. ரப்பர் மேட்ட எடுத்துட்டு வண்டிய சாச்சு வச்சிகினு ஸ்டாண்டு மாட்டுற எடம், பிரேக் பெடல் கிட்ட எல்லாம் ஸ்க்ரூடிரைவரால தட்டி பாரு. கணீர்னு சத்தம் வந்தா நல்ல தகடு, தொப்புன்னு கேட்டா உள்ள மாவு. அங்க ஓட்டைய வச்சிகினு இன்ஜினுக்கு பத்தாயிரம் போட்டா இன்னா பிரயோஜனம்.

ஒண்ணு கேளு, இது உசிரு விஷயம். அந்த ரிம்மு ரெண்டு துண்டு, நட்டு போட்டு சேத்துருப்பாங்க. டியூபுல காத்து இருக்கும்போது அந்த நட்ட தொட்டா வெடிச்சு மூஞ்சில அடிக்கும். காத்து இல்லாத மாதிரி தெரிஞ்சாலும் வால்வு பின்ன கழட்டிட்டுதான் கை வெக்கணும். டயர் 3.50-10 சைஸ், ரெண்டும் புதுசு, டியூபும் புதுசு. பிரேக் ஷூவும் மாத்திடு, தண்ணியில ஊறுனது லைனிங் கழண்டு டிரம்முக்குள்ள சுருட்டிக்கும். ஓட்றத விட நிக்கறதுதாம்மா முக்கியம்.

ராணிப்பேட்டை பேப்பர் வேலை:
பேப்பர் விஷயம் நான் சொல்றேன், எங்க சித்தப்பா வண்டிக்கு நானே அலைஞ்சு முடிச்சேன். முடியும், பயப்படாதீங்க. சொந்த வண்டிக்கு ஆர்சி 15 வருஷம், அப்புறம் 5 5 வருஷமா ரினிவல், விட்டுப்போனாலும் லேட் ஃபீ கட்டி பண்ணலாம். ஆனா மொதல்ல பேர் மாத்தணும். இறந்தவங்க வண்டிக்கு படிவம் 31, கூட இறப்பு சான்றிதழ், தாலுக்கா ஆபீஸ்ல வாங்கின வாரிசு சான்றிதழ், அம்மா தம்பி ரெண்டு பேரும் ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுக்கணும். வாரிசு சான்றிதழுக்குத்தான் நாள் ஆகும், இன்னைக்கே அப்ளை பண்ணிடுங்க, வண்டி வேலை ஒரு பக்கம் நடக்கட்டும்.

ரினிவலுக்கு படிவம் 25. 20 வருஷம் தாண்டின டூவீலருக்கு 1000 ரூபாயா இருந்த ஃபீஸ 2025 ஆகஸ்ட்ல 2000 ஆக்கிட்டாங்க, பசுமை வரி தனி. 2019-ல மாவட்டம் பிரிச்சதுலேருந்து நீங்க ராணிப்பேட்டை, டிஎன் 73 ஆபீஸ், ஆனா வண்டி நம்பர் டிஎன் 23-ஆவே இருக்கும். பழைய அட்டை புக்குங்கறதால ஆன்லைன்ல ரெக்கார்டு ஏறியிருக்கான்னு நம்பர் போட்டு பாத்துடுங்க, இல்லன்னா அத ஏத்த தனியா எழுதிக் குடுக்கணும். பிரேக் இன்ஸ்பெக்டர் சேசிஸ் நம்பர புக்கோட ஒத்து பாப்பார், அதனால வெல்டிங் பெயின்ட்டிங்னு போறப்ப அந்த நம்பர் இருக்கற எடத்துல யாரும் பட்டியோ உப்புத்தாளோ போட விடாதீங்க, அது அழிஞ்சா எல்லாமே போச்சு. ஆர்சி கைக்கு வர வரைக்கும் ரோட்டுல ஓட்டாதீங்க, குட்டியானையில ஏத்திகிட்டு போங்க.

விசாரம் பொண்ணு:
ரெண்டு வாரம் கழிச்சு எழுதறேன். தாத்தா, நீங்க சொன்னது அப்படியே இருக்கு. மேட்ட தூக்கினேன், பிரேக் பெடல் பக்கத்துல என் உள்ளங்கை அளவுக்கு தகடு பிஸ்கட் மாதிரி உதிர்ந்து வந்துச்சு, கீழ தரை தெரியுது. நான் நின்னுட்டு வந்த எடம் அது. ஸ்டாண்டு பக்கம் மட்டும் கணீர்னு கேக்குது.

கியர் ஆயில் மோர் மாதிரி இல்ல, டீ மாதிரி வந்துச்சு, கூட ரெண்டு மூணு சொட்டு தண்ணி. பிளக் ஓட்டையில ஆயில் ஊத்தி அஞ்சு நாள் விட்டோம், நேத்து சாயங்காலம் அம்மா ஹேண்டில புடிச்சுக்க நான் சக்கரத்த ஆட்டினேன், மொதல்ல அசையவே இல்ல, அப்புறம் ஒரு விரல் அளவு, அப்புறம் ஒரு முழு சுத்து, "புஸ்"னு பிளக் ஓட்டை வழியா காத்து வந்துச்சு. அம்மா அப்படியே திண்ணையில உக்காந்துட்டாங்க. வாரிசு சான்றிதழுக்கு மனு போட்டாச்சு. தகட்டுக்கு என்ன பண்றது?

காட்பாடி டூஸ்ட்ரோக்:
சூப்பர் சிஸ்டர்! கம்ப்ரஷன் இருக்கு, இன்ஜின் பொழச்சுகிச்சு. தகட்டுக்கு மேல துண்டு வச்சு ஒட்டாதீங்க, துரு புடிச்சத நல்ல தகடு வர வரைக்கும் வெட்டி எடுத்துட்டு புது தகடு வச்சு கேஸ் வெல்டிங் பண்ண சொல்லுங்க. அதுக்கு முன்ன டேங்க், பேட்டரி, கேபிள் எல்லாம் வெளிய எடுத்துடுங்க. வெல்டிங் முடிஞ்சதும் அடியில ரெட் ஆக்சைடு ரெண்டு கோட்டு. சீல் மாத்தி மொதல் தடவ ஸ்டார்ட் பண்றப்ப லிட்டருக்கு 20 எம்எல்லுக்கு பதிலா 30 எம்எல் ஆயில் கலந்துக்குங்க, பொகை நெறைய வரும், வரட்டும். கிக் அடிக்கறதுக்கு முன்ன சைலென்சர கழட்டி குளவி மண்ணு மொத்தமும் தட்டி எடுத்துடுங்க. ஸ்டார்ட் ஆகற அன்னைக்கு சத்தத்த ரெக்கார்டு பண்ணி போடுங்க, கேட்டு சொல்றேன்.

தொரப்பாடி தாத்தா:
ஆற்காட்டுல பழைய ஸ்கூட்டர் தகடு வேலை தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கீறாரு, விசாரிச்சு உனக்கு தனியா மெசேஜ் போடறேன். அந்த பழைய ரப்பர் மேட்ட தூக்கி போட்டுடாதம்மா, புதுத் தகடு மேல அதையே போட்டுக்கலாம்.