பி2சியில் போன பில், 2பியில் வரவில்லை: எப்படித் திருத்துவது?

திருப்பூர் யூனிட்டுக்கு கோவையில் வாங்கிய 3 ஃபேஸ் மோட்டார். பில் தேதி ஜனவரி 2025. மதிப்பு 1,20,000, சிஜிஎஸ்டி 10,800, எஸ்ஜிஎஸ்டி 10,800. பில்லிலும் இ-வே பில்லிலும் எங்கள் ஜிஎஸ்டி எண் சரியாக இருக்கிறது. ஆனால் விற்றவர் ஜிஎஸ்டிஆர்-1இல் (விற்பனைக் கணக்குப் படிவம்) இதை பி2சி (ஜிஎஸ்டி எண் இல்லாதவருக்கு விற்றது) மொத்தத்தோடு (அட்டவணை 7) சேர்த்துவிட்டார். அவர் விற்றுமுதல் 5 கோடிக்குக் கீழே, இ-இன்வாய்ஸ் கிடையாது. இருந்திருந்தால் பில் எங்கள் எண்ணோடு தானாகவே ஜிஎஸ்டிஆர்-1இல் போயிருக்கும், இந்தச் சிக்கலே வந்திருக்காது.

ஜனவரி முதல் எல்லா மாத 2பியும் (விற்றவர்கள் காட்டிய பில்களிலிருந்து நமக்கு வரும் உள்ளீட்டு வரி வரவுப் பட்டியல்), ஐஎம்எஸ்ஸும் (போர்ட்டலில் அந்த பில்களை ஏற்கும் பகுதி) பார்த்தாயிற்று, பில் இல்லை. விற்றவரின் ஆடிட்டர் "வரி கட்டியாச்சு, சான்றிதழ் தர்றேன்" என்கிறார். ஜிஎஸ்டி சுற்றறிக்கை 183 தந்த அந்தச் சான்றிதழ் வழி பழைய ஆண்டுகளுக்குத்தான். இப்போது ஜிஎஸ்டி சட்டப் பிரிவு 16(2)(ஏஏ)படி 2பியில் வந்தே ஆக வேண்டும். ஜிஎஸ்டிஆர்-1இன் அட்டவணை 9ஏயிலும் வழியில்லை, அது ஏற்கெனவே பி2பி போலத் தனி பில்லாகக் காட்டியதைத் திருத்த மட்டும்.

2024-25 உள்ளீட்டு வரி வரவை எடுக்கக் கடைசி நாள் நவம்பர் 30, 2025. அதற்கு அக்டோபர் ஜிஎஸ்டிஆர்-1 நவம்பர் 11க்குள் போயாக வேண்டும், அப்போதுதான் 14ஆம் தேதி 2பியில் விழும்.

விற்றவர் அட்டவணை 10இல் ஜனவரி மொத்தத்தைக் குறைத்து, அதே பில்லைப் பழைய எண், தேதியோடு 4ஏயில் (ஜிஎஸ்டி எண் உள்ளவருக்கு விற்ற பி2பி பில்களின் அட்டவணை) சேர்த்தால் போர்ட்டல் ஏற்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.