ரன்-அவுட்: 'வெளியோட்டம்' வேண்டாம், 'சுழற்கோட்டம்' என்போம்

குழு நண்பர்களுக்கு வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலுக்காக வந்த கேள்விக்கு இது பதில். சக்கரம் போலச் சுழலும் பாகம் வட்டம் பிசகி ஆடுவதைத்தான் ஆங்கிலத்தில் ரன்-அவுட் (run-out) என்கிறார்கள்.

> ரன்-அவுட் = வெளியோட்டம் / ஓட்டப்பிறழ்வு. இரண்டில் எதைப் பட்டியலில் சேர்க்கலாம்?

இரண்டுமே வேண்டாம் என்பேன். 'வெளியோட்டம்' என்றால் எதுவோ வெளியே ஓடுகிறது என்றுதான் காதில் விழும். ரன்-அவுட் என்று அப்படியே விட்டால் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். பட்டறையில் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் புழங்குகிறது. எனக்கு அது கிடைத்த விதத்தைச் சொன்னால் பொருளும் விளங்கிவிடும்.

என் தம்பி பொள்ளாச்சியில் தேங்காய் லோடு அடிக்கிறான். புது பிக்கப் எடுத்த வாரத்திலிருந்தே 75-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்கியது. சர்வீஸில் மூன்று முறை பாலன்ஸிங், இரண்டு முறை அலைன்மென்ட். ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் 'அதிர்வு, சரிசெய்யப்பட்டது' என்று எழுதிக் கொடுத்தார்கள். வண்டியோ நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. மாதத் தவணை கட்டுகிற வண்டி அப்படி நடுங்கினால் ஓட்டுகிறவனுக்கு எப்படி இருக்கும்!

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர். 80 கி.மீ. வேகத்தில் நொடிக்குப் பத்துச் சுற்று. டயரில் ஓரிடம் மேடாக இருந்தால் நொடிக்குப் பத்துத் தட்டு. அது கைக்கு நடுக்கமாகவே தெரியும். பின்அச்சின் பல் விகிதம் நான்கு என்று வைத்தால், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (எஞ்சின் பக்கமிருந்து பின்அச்சைச் சுற்றவைக்கும் நீளத் தண்டு) அதே வேகத்தில் நொடிக்கு நாற்பது சுற்று சுற்றும். அதில் கோளாறென்றால் நடுக்கத்தைவிட உறுமலாகத்தான் கேட்கும். தம்பிக்கு உறுமல் இல்லை, ஸ்டீயரிங்கில் நடுக்கம். ஆகவே முன்சக்கரம்.

கடைசியில் தகரக் கொட்டகை போட்ட ஒரு சின்னப் பட்டறைக்குப் போனோம். பெரியவர் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினார். ஒரு செங்கல்லின் மேல் கம்பித் துண்டை வளைத்து வைத்து, அதன் நுனியை டயருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்ற, ஓரிடத்தில் கம்பி 'சரக்' என்று உரசியது. அரைச் சுற்று போனபிறகு பார்த்தால் இடைவெளியில் ஒரு தீக்குச்சி நுழைந்தது. உரசிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுச் சொன்னார்: "எடையெல்லாம் சரியாத்தான் இருக்குது கண்ணு. சக்கரம் கோட்டம்."

டயரை ரிம்மிலிருந்து பிரித்து, அரைச் சுற்றுத் திருப்பி மாட்டினார். டயரின் மேடு ரிம்மின் பள்ளத்தில் வந்து உட்கார்ந்தது. மறுபடி கம்பி வைத்தால் தீக்குச்சி நுழையவில்லை. அதன்பிறகு பாலன்ஸிங் செய்து உடுமலை ரோட்டில் 80-இல் ஓட்டினோம், ஸ்டீயரிங் அசையவில்லை.

பாலன்ஸிங் எடையை மட்டுமே சமன்செய்யும். முட்டை வடிவச் சக்கரத்துக்கும் ஈயம் ஒட்டி எடையைச் சமன்செய்துவிடலாம், ஓட்டினால் குதிக்கத்தான் குதிக்கும். எடைக் குறை வேறு, வடிவக் குறை வேறு. இரண்டுக்கும் 'அதிர்வு' என்று ஒரே சொல்லை எழுதியதால்தான் மூன்று முறையும் ஒரே வைத்தியம் நடந்தது. 'சக்கரத்தில் கோட்டம், அளந்து பாருங்கள்' என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லியிருந்தால் யாராவது டயல் கேஜ் (இந்த ஆட்டத்தை மி.மீ. கணக்கில் அளக்கும் முள் கருவி) எடுத்திருப்பார்கள்.

> கோட்டம் என்றால் கோயில், மின்வாரியக் கோட்டம் என்று குழப்பம் வராதா?

தனியே நின்றால் வரலாம். அதனால்தான் 'சுழற்கோட்டம்' என்கிறேன். சைக்கிள் கடையில் போக்ஸ் கம்பியை முடுக்கிக் கோட்டம் எடுப்பதை நாம் எல்லோரும் சிறுவயதிலேயே பார்த்திருக்கிறோம். கட்டமைப்பும் புதிதல்ல. குறள் 119-இல் சொற்கோட்டம், உட்கோட்டம் இரண்டும் வருகின்றன. சொல்+கோட்டம் புணர்வதைப் போலவேதான் சுழல்+கோட்டமும். 'பிறழ்வு' என்பதில் அளவு தொனிக்கவில்லை. 'கோட்டம் 2 மி.மீ.' என்றால் இயல்பாக இருக்கிறது.

பக்கவாட்டில் ஆடுவதற்கு 'பக்கக்கோட்டம்'. பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்டீயரிங் உதறினால் டிஸ்க் பெண்டு என்கிறோமே, அதற்கும் இதையே சொல்லலாம்.

மேலும் கீழும் தூக்குவதற்கு 'ஆரக்கோட்டம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆரம் பள்ளிப் பாடநூல் சொல்தான். ஆனால் ஆரக்கால் வளைந்ததாக யாரும் படித்துவிடுவார்களோ என்று தயக்கமாக இருக்கிறது. பெரியவர் இதை 'மேல்கீழ்க் கோட்டம்' என்றார். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது, சற்று நீளமாக இருந்தாலும். பட்டியலில் ஏற்றுவதற்குமுன் இந்த ஒன்றைப் பற்றி மட்டும் உங்கள் கருத்தை எழுதுங்கள்.