செவலைக்குக் கொழுப்பு இறங்கிவிட்டது

சுமதி: செவலையின் பாலில் கொழுப்பு இன்று 3.1 சதவீதம் தான். போன வாரம் 4.2 இருந்தது. பால் அளவு மட்டும் குறையவில்லை

பாபு: நன்றாகத்தானே தின்கிறது

சுமதி: அடர்தீவனத்தில் ஒரு பிடி மிச்சம் வைப்பதில்லை. வைக்கோலை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது

பெரியப்பா: எவ்வளவு வைக்கிறாய் பாபு?

பாபு: வேளைக்கு 5 கிலோ. ரெண்டு வேளை

பெரியப்பா: கருப்பி மாட்டுக்கும் இப்படித்தான் செய்தாய்

பாபு: அது எதற்கு இப்போது

அத்தை: ஞாயிற்றுக்கிழமை யார் யார் வருகிறீர்கள்?

செல்வி அக்கா: சுமதி, சாணம் எப்படி?

சுமதி: இளகல். நுரை. தானியம் அப்படியே தெரிகிறது

செல்வி அக்கா: அதுதான். வைக்கோல், புல்லில் இருக்கும் நார் முதல் வயிற்றில் நொதித்து அசிட்டிக் அமிலமாகிறது. பாலின் கொழுப்பில் பாதி வரைக்கும் அதை வைத்துத்தான் மடியில் உருவாகிறது. அடர்தீவனத் தானியத்தின் மாவுச்சத்து மிஞ்சினால் வயிறு புளித்துவிடும், அசைபோடுவது குறையும், எச்சிலும் குறையும். மாட்டுக்கு ஒரு நாளில் 100 லிட்டருக்கு மேல் எச்சில் ஊறும். புளிப்பை அடக்கும் சோடா உப்பு (சமையல் சோடா) அதிலேயே இருக்கிறது.

மணி: அப்போ சோடா உப்பு போட்டுவிடலாமே

செல்வி அக்கா: போடலாம், ஒரு நாளைக்கு 100 முதல் 150 கிராம், தீவனத்தில் கலந்து. ஆனால் அது புளிப்பைத்தான் அடக்கும், நாரைக் கொடுக்காது. முதலில் வைக்கோல், அப்புறம் அடர்தீவனம். ஒரே வேளையில் 2 கிலோவுக்கு மேல் வேண்டாம், நாலு வேளையாகப் பிரி. தண்ணீர் எப்போதும் தொட்டியில் இருக்கட்டும்.

பாபு: பால் குறைந்தால்?

செல்வி அக்கா: கொஞ்சம் குறையலாம். புளிப்பு நீடித்தால் குளம்பு கெடும், அப்புறம் மாடு நிற்கவே சிரமப்படும்

பாபு: பைபாஸ் கொழுப்பு வாங்கி வைத்திருக்கிறேன்

செல்வி அக்கா: அது முதல் வயிற்றில் மாறாமல் தாண்டிப் போய்ச் சக்தி கொடுக்கும். நல்லதுதான். முதலில் அசை சரியாகட்டும்

அத்தை: ஞாயிறு?

பெரியப்பா: டாக்டரைக் கூப்பிட்டு ஒருமுறை காட்டிவிடு சுமதி. பாபு, நீயும் கூட இரு

பாபு: பார்க்கலாம்

சுமதி: இப்போது படுத்திருக்கிறது. எண்ணினேன். அசைபோடும் ஒரு கவளத்துக்கு 34 மென்றல்

செல்வி அக்கா: 50க்கு மேல் வரவேண்டும். காலையில் திரும்ப எண்ணிப் போடு

பாபு: 2 கிலோ கட்டாது அக்கா. 3 வைக்கிறேன்

செல்வி அக்கா: வைக்கோலுக்கு அப்புறமாக வை, முதலில் அதைச் செய்