சாலையைவிடத் தாழ்ந்துவிட்ட சிறு வணிகக் கட்டடம்: மழைநீரை எப்படி வெளியேற்றுவது?

மடிப்பாக்கம் கட்டட உரிமையாளர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சென்னை மடிப்பாக்கத்தில் ஒன்றரை கிரவுண்ட் (3,600 சதுர அடி) மனையில் எங்களுக்கு ஒரு சிறு வணிகக் கட்டடம் இருக்கிறது. தரைத்தளத்தில் மருந்துக் கடை, ஜெராக்ஸ் கடை, இருசக்கர வாகனப் பட்டறை ஆகியவையும் மாடியில் ஒரு டியூஷன் சென்டரும் வாடகைக்கு இருக்கின்றன. மொட்டை மாடி ஏறத்தாழ 2,000 சதுர அடி. மீதமுள்ள 1,600 சதுர அடியும் வாகனங்கள் நிறுத்துவதற்காகச் சிமெண்ட் தளம் போட்ட இடம். கட்டடம் எழுந்த காலத்தில் சாலையைவிட உயரமாக இருந்த இந்தத் தளம், ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய தாரைப் போட்டுப் போனதால், இப்போது சாலையைவிட அரையடி தாழ்ந்து கிடக்கிறது. சாலையோரத்தில் கட்டியிருக்கும் மழைநீர் வடிகாலின் மூடியும் எங்கள் வாசலைவிட உயரம்தான்.

ஐப்பசி, கார்த்திகையில் கனமழை பெய்தால், மாடித் தண்ணீர் முழுவதும் நான்கு குழாய்கள் வழியாகத் தளத்தில் கொட்டி, தேங்கி, மருந்துக் கடையின் ஷட்டருக்கு அடியில் புகுந்துவிடுகிறது. பட்டறை எண்ணெய் அதன் மேல் படலமாக மிதக்கிறது. மதில் ஓட்டை வழியே அது தங்கள் சம்ப்புக்குள் (தரையடித் தண்ணீர்த் தொட்டிக்குள்) இறங்குவதாகப் பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

தளத்தை ஓரடி உயர்த்தச் சொல்கிறார் ஒரு ஒப்பந்ததாரர். சிமெண்ட் தளத்துக்குப் பதில் பேவர் பிளாக் (இடுக்கு விட்டு அடுக்கும் தரைக்கல்) போட்டால் மண்ணே உறிஞ்சிக்கொள்ளும் என்கிறார் இன்னொருவர். மற்றொருவர் மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் உறைக் கிணறு ஒன்று போதும் என்கிறார். பாதாளச் சாக்கடை மேன்ஹோலில் சத்தமில்லாமல் இணைத்துவிடலாம் என்ற யோசனையும் வந்தது. எங்கள் மண் களிமண். எதைச் செய்வது சரி?

ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்

ஐயா, எதையும் இடிக்கும் முன் கணக்கைப் பார்த்துவிடுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் மாடி 186 சதுர மீட்டர், தளம் 149 சதுர மீட்டர் என்று கொண்டால், 10 செ.மீ. மழைக்கு மாடியில் 18,600 லிட்டரும் தளத்தில் 14,900 லிட்டரும் விழும். வெளியேற வழியே இல்லை என்றால் இந்த மொத்தத் தண்ணீரும் தளத்தில் 22 செ.மீ. உயரத்துக்கு, அதாவது முக்கால் அடிக்கு நிற்கும். மாடித் தண்ணீர் அங்கே இறங்காமலிருந்தால் அது 10 செ.மீ. மட்டுமே. உங்கள் தொல்லையில் பாதிக்கு மேல் வானத்திலிருந்து நேராகத் தளத்துக்கு வருவதில்லை. உங்கள் மாடிக் குழாய்களே அதைக் கொண்டுவந்து கொட்டுகின்றன.

ஆகவே முதல் வேலை, மாடித் தண்ணீரைத் தாழ்ந்த தளத்தில் விழவே விடாமல் செய்வதுதான். மாடித் தண்ணீருக்கு உயரம் இருக்கிறது. பம்ப் இல்லாமலே அது சாலை வடிகாலை அடையும். நான்கு குழாய்களையும் தரைக்கு இரண்டு அடி மேலேயே நிறுத்தி, சுவரோடு ஒட்டி ஓடும் ஒரு 160 மி.மீ. பி.வி.சி. குழாயில் சேர்த்து, பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம் வாட்டம் கொடுத்து முன்பக்கம் கொண்டுவாருங்கள். ஷட்டர்களும் வாசலும் குறுக்கிடும் பக்கத்தைத் தவிர்த்துப் பின்சுவர், பக்கச் சுவர் வழியாகக் கொண்டுவர வேண்டும். 110 மி.மீ. குழாயும் கணக்குக்குப் போதும் என்றாலும், இலையும் சருகும் வரும் குழாய்க்குக் கணக்கை மட்டும் நம்பி அளவு வைக்கக் கூடாது. வடிகாலில் இணைக்க மாநகராட்சியின் மண்டல அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். வடிகாலின் சுவரை நீங்களே துளைத்துவிடாதீர்கள்.

மிஞ்சுவது தளத்தில் விழும் மழை மட்டுமே. மணிக்கு 5 செ.மீ. வீதம் பெய்தால் அது நிமிடத்துக்குச் சுமார் 125 லிட்டர். மாடித் தண்ணீரும் சேர்ந்தால் 280 லிட்டர். தளத்தின் தாழ்ந்த மூலையில் ஒரு சேகரிப்புக் குழி எடுத்து, தண்ணீர் ஏறினால் தானே ஓடும்படி மிதவை சுவிட்ச் வைத்த கழிவுநீர் பம்ப் ஒன்றை இறக்கினால் 125 லிட்டரைச் சமாளிப்பது எளிது. வெளியேற்றுக் குழாயில் தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையென்றால் வடிகால் நிரம்பும்போது தெருத் தண்ணீர் உங்கள் குழிக்கே திரும்பும்.

தளத்தை உயர்த்தும் யோசனை எனக்கு உடன்பாடில்லை. கடைகளின் தரை அப்படியே இருக்க, வெளித்தளம் மட்டும் உயர்ந்தால் தண்ணீர் கடைக்குள்தான் வழியும். வழியாத மிச்சம் பக்கத்து வீட்டுக்குப் போகும். மேன்ஹோல் யோசனையைப் பேசவே வேண்டாம். பாதாளச் சாக்கடைக் குழாய்கள் மழைநீருக்கென்று போடப்பட்டவை அல்ல. ஒவ்வொரு கட்டடமும் அப்படி இணைப்பதால்தான் மழைநாளில் தெருவின் மேன்ஹோல்கள் பொங்குகின்றன.

நிலத்தடி நீர் ஆர்வலர்

பொறியாளர் ஐயா உறைக் கிணற்றைத் தொடாமலே விட்டுவிட்டார். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால், அத்தனை மாடித் தண்ணீரையும் வடிகாலுக்கு அனுப்பச் சொல்வது சரியாகாது. அதற்காக உறைக் கிணறு வெள்ளத்தைத் தீர்க்கும் என்று நானும் சொல்ல மாட்டேன். மூன்றடி விட்டமும் பதினைந்தடி ஆழமும் உள்ள கிணற்றின் கொள்ளளவு 3,000 லிட்டர்தான். மணிக்கு 5 செ.மீ. மழையில் உங்கள் மாடியிலிருந்து மணிக்கு 9,300 லிட்டர் வரும். இருபதே நிமிடத்தில் கிணறு நிறைந்துவிடும். களிமண்ணில் அது வடியவும் நேரமாகும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய உங்கள் பகுதியில் கார்த்திகையில் நிலத்தடி நீரே மேலேறி நிற்கும்போது இறங்கவும் இடமிருக்காது.

அதன் பயன் வேறு. கோடை மழையும் தென்மேற்குப் பருவத்தின் மாலை மழையும் பெய்யும் நாள்களில், மண் காய்ந்து கிடக்கும்போது, அந்தக் கிணறு நன்றாகக் குடிக்கும். ஆழ்துளைக் கிணறு (போர்) போட்டவரிடம் எத்தனை அடியில் மணல் தட்டுப்பட்டது என்று கேட்டு, கிணற்றின் அடியிலிருந்து அந்த மணல் அடுக்கு வரை ஒரு துளைக் குழாயை இறக்கினால், களிமண்ணைத் தாண்டித் தண்ணீர் போகும். ஆகவே ஐயா சொன்ன குழாயிலேயே, வடிகாலை அடையும் முன், தண்ணீரைப் பிரித்துவிடுங்கள்: பருவத்தின் முதல் மழையில் மாடியைக் கழுவி வரும் முதல் 2 மி.மீ., அதாவது சுமார் 370 லிட்டர், தனியே வெளியேறட்டும். அடுத்தது வடிகட்டித் தொட்டி வழியாகச் சம்ப்புக்கு, சம்ப் நிறைந்தால் உறைக் கிணற்றுக்கு, அதுவும் நிறைந்தால் வடிகாலுக்குப் போகட்டும். வடிகட்டியின் மேல் மணலை ஆண்டுதோறும் புரட்டாசியில் அள்ளிக் கழுவிப் போடாவிட்டால் அது வெறும் மண்தொட்டியாகிவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வாகனத் தளத்துத் தண்ணீர் ஒரு சொட்டும் உறைக் கிணற்றுக்கோ போருக்கோ போகக் கூடாது. என்ஜின் எண்ணெய் நிலத்தடியில் கலந்தால் அதைத் திரும்ப எடுக்க உங்களாலும் முடியாது, பக்கத்து வீட்டாராலும் முடியாது.

மடிப்பாக்கம் கட்டட உரிமையாளர்

இருவருக்கும் நன்றி. இரண்டு தண்ணீரையும் பிரிக்க வேண்டும் என்பது இப்போது புரிகிறது. பட்டறையைக் காலி செய்யச் சொல்ல எனக்கு மனமில்லை. பல ஆண்டுகளாக ஒழுங்காக வாடகை தரும் தம்பி. எண்ணெய்க்கு என்ன செய்வது? பம்ப் ஓடும் நேரத்தில் மின்சாரம் இல்லாவிட்டால்? பேவர் பிளாக் யோசனைக்கும் யாராவது பதில் சொன்னால் நல்லது.

வேளச்சேரி பட்டறை உரிமையாளர்

அண்ணா, நானும் பட்டறைக்காரன்தான் என்பதால் சொல்கிறேன். அந்தத் தம்பியை அனுப்ப வேண்டியதில்லை. வண்டி கழற்றும் இடத்துக்கு மேல் ஒரு ஷீட் கூரையும், அதைச் சுற்றி இரண்டு அங்குல உயர வரம்பும் போட்டுவிட்டால், மழை எண்ணெயைத் தொடாது. எண்ணெய் பிரிக்கும் தொட்டியை மட்டும் நம்பினால், பெருமழையின் வேகத்தில் மிதக்கும் எண்ணெயும் அடித்துச் செல்லப்படும். கூரைக்கு வெளியே வாகனங்கள் நிற்கும் இடத்திலும் கொஞ்சம் சொட்டும் என்பதால், பம்ப் குழிக்கு முன்னால் மூன்று அறைத் தொட்டி ஒன்று இருக்கட்டும். முதல் அறையில் மண் படியும். இரண்டாவது அறையிலிருந்து வெளியேறும் குழாயின் வாயில் ஒரு எல்போவை (வளைந்த குழாய்த் துண்டை) கீழ்நோக்கித் திருப்பி, நீர்மட்டத்துக்கு ஓரடி அடியில் இருக்கும்படி வையுங்கள். தண்ணீர் அடியிலிருந்து போகும், எண்ணெய் மேலேயே நிற்கும், கரண்டியால் அள்ளிவிடலாம். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி பயன்படுத்திய எண்ணெய் அபாயகரக் கழிவு. கேனில் சேர்த்து, அதற்கு அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுக்க வேண்டும், சாக்கடையில் ஊற்றக் கூடாது.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் நின்ற தெருக்களில் பாதுகாப்புக்காக மின் இணைப்பைத் துண்டித்தே வைத்திருந்தார்கள். ஆகவே ஜெனரேட்டர் வாடகைக்குக் கிடைக்கும் என்று அந்த நேரத்தில் அலைய வேண்டியிருக்கும். பெட்ரோலில் ஓடும் சிறிய பம்ப் ஒன்றை வாங்கி உயரமான இடத்தில் வைத்துவிடுவது மேல். ஆனால் தெருவே முழங்கால் தண்ணீரில் நிற்கும்போது, எந்தப் பம்பும் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்ட இடமிருக்காது. அப்படிப்பட்ட நாளுக்கு மருந்துக் கடை ஷட்டரின் இருபுறமும் இரும்புச் சேனல் பதித்து, ரப்பர் ஓரம் வைத்த பலகையைச் செருகும்படி செய்துவிடுங்கள்; கீழ் இரண்டு அலமாரிகளில் மருந்து வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

பேவர் பிளாக் போடுபவர்கள் பெரும்பாலும் பழைய சிமெண்ட் தளத்தின் மேலேயே எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) பரப்பிக் கல்லை அடுக்கிவிட்டுப் போகிறார்கள். அதில் தண்ணீர் எங்கே இறங்கும்? தளத்தை உடைத்து, ஜல்லிப் படுகை போட்டு, இடுக்குகளில் சிமெண்ட் பூசாமல் விட்டாலும், உங்கள் களிமண்ணில் படுகைக்கு அடியில் துளைக் குழாய் ஒன்று பதித்துப் பம்ப் குழிக்குக் கொண்டுவர வேண்டும். அந்தச் செலவுக்கு இந்த ஆண்டு மாடிக் குழாய் வேலையை முடித்துவிடலாம். மதில் ஓட்டையை மட்டும் அவசரப்பட்டு அடைத்துவிடாதீர்கள் அண்ணா; குழாயும் பம்பும் ஓட ஆரம்பித்த பிறகு, பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அடையுங்கள்.