அதியுயர் காந்தப்புல ஆய்வைத் தொழிலாகக் கொள்ளலாமா?

உப்புவெளி அக்கா:
திருகோணமலையில் இவ்வருடம் உயர்தரக் கணிதப் பிரிவில் தோற்றிய என் தம்பி, பொறியியலுக்கு இடம் கிடைத்தாலும் பௌதிகவியலையே படித்து, மிக வலிமையான காந்தப் புலங்களை ஆராயப் போவதாக உறுதியாகச் சொல்கிறான். புல்மோட்டை மணலிலிருந்து இல்மனைட்டைக் காந்தத்தால் பிரித்தெடுக்கும் விதத்தை அறிந்த நாளிலிருந்தே அவனுக்கு இந்த நாட்டம். இதைப் படித்தால் யார் வேலை தருவார்கள் என்று அம்மா கலங்குகிறார். இப்படியொரு தொழில் உண்மையில் உண்டா, அதில் இருப்பவர் நாளாந்தம் என்ன செய்கிறார் என்பதைத் தெரிந்தவர்கள் விளக்குவீர்களா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
மகள், விருப்பத்தோடு பௌதிகவியலைக் கேட்டு வரும் பிள்ளைகள் குறைவு. அவனைத் தடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

கடல் கடந்தவன்:
அக்கா, நானும் திருகோணமலையில் படித்தவன். இப்போது ஐரோப்பாவில் இத்துறையில்தான் வேலை செய்கிறேன். வைத்தியசாலைகளின் எம்.ஆர்.ஐ. இயந்திரங்களில் வழக்கமாக இருப்பது 1.5 அல்லது 3 தெஸ்லாப் புலம்; தெஸ்லா என்பது காந்தப் புல வலிமையின் அலகு. அமெரிக்காவின் தலகாசி ஆய்வுகூடத்தில் உள்ள, இருவகைச் சுருள்களை இணைத்த கலப்புக் காந்தம் 45 தெஸ்லாவை இடைவிடாமல் தருகிறது. அங்குள்ள இன்னொரு ஆய்வுகூடமான லொஸ் அலமோசில் 2012இல், சுருள் சிதையாமலே, கணநேரத் துடிப்பாக 100 தெஸ்லாவைத் தாண்டினார்கள். அதற்கு அப்பால் போக விடாமல் மறிப்பது உலோகத்தின் வலிமைதான். 100 தெஸ்லாப் புலம் தன்னை உண்டாக்கும் சுருளையே ஏறத்தாழ 40,000 வளிமண்டல அமுக்கத்துடன் வெளியே தள்ளுகிறது. ஆகவே கம்பியின் கலப்புலோகம், அதைச் சுற்றி இறுக்கும் இழை, குளிரூட்டல் எல்லாம் எங்கள் அன்றாடக் கவலைகள். தம்பி பொறியியலைக் கைவிடுகிறான் என்று வீட்டில் எண்ண வேண்டியதில்லை.

ஆராய வேண்டிய பொருளின் ஒரு மில்லிமீற்றர் அளவேயான பளிங்குத் துண்டில், நுணுக்குக்காட்டியின் கீழ், தலைமயிரிலும் மெல்லிய தங்கக் கம்பிகளை வெள்ளிப் பசையால் ஒட்டுவதிலேயே ஒரு பகல் போய்விடும். பின்னர் அதைத் திரவ ஹீலியத்தால் குளிர்வித்துச் சுருளின் நடுவில் இறக்கி, எல்லோரும் வெளியேறிக் கதவைப் பூட்டிய பிறகே, கொள்ளளவித் தொகுதியில் சேமித்த சக்தியைச் சுருளுக்குள் விடுகிறோம். துடிப்பு ஒரு செக்கனின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடும். திரவ நைதரசனில் அமிழ்ந்திருக்கும் சுருள் மறுபடி குளிர நெடுநேரம் எடுக்கும். அந்த இடைவேளையில்தான் தரவை வாசித்து, அடுத்து எதை அளப்பது என்று தீர்மானிக்கிறோம்.

இவ்வளவு பாடும் எதற்கு என்றால், பிரான்சின் கிரெனோபிளில் 1980 பெப்ரவரியில் ஜெர்மன் பௌதிகவியலாளர் கிளவுஸ் வொன் கிளிற்சிங் கண்டதைச் சொல்வேன். வலிய புலத்தில், கடுங்குளிரில், சிலிக்கன் சாதனமொன்றின் ஹோல் தடை, அதாவது மின்னோட்டத்துக்குக் குறுக்கே தோன்றும் அழுத்த வித்தியாசத்தை அந்த மின்னோட்டத்தால் வகுத்து வரும் பெறுமானம், படிக்கட்டுப் போல் படிகளாக மாறியது. அந்தப் படிகளின் பெறுமானம், பொருளின் மாசையோ வடிவத்தையோ பொறுத்திராமல், ஏறத்தாழ 25,812.8 ஓமை முழுவெண்ணால் வகுத்து வருவதாகவே அமைந்தது. அதற்கு 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று மின்தடையின் நியமமே அதில்தான் தங்கியிருக்கிறது.

அம்மாவின் கவலையிலும் நியாயம் உண்டு. நிரந்தர ஆய்வுப் பதவிகள் மிகச் சில. கலாநிதிப் பட்டத்துக்குப் பிறகும் பல வருடங்கள் ஒப்பந்த வேலையில் நாடு விட்டு நாடு மாற நேரிடும். ஆனால் கடுங்குளிரில் தடையின்றி மின்னைக் கடத்தும் மீகடத்திச் சுருளையும் கடுங்குளிர்த் தொழினுட்பத்தையும் கையாளத் தெரிந்தவரை எம்.ஆர்.ஐ. உற்பத்தியாளர்களும் துகள் முடுக்கி நிலையங்களும் தேடுகின்றன.

உப்புவெளி அக்கா:
மிக்க நன்றி. உள்நாட்டில் அவன் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பௌதிகவியல் விரிவுரையாளர்:
பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம் ஆகிய மூன்றிலும் பௌதிகவியலை முதன்மையாகப் படிக்கலாம். சிறப்புப் பட்டத்துக்கான தெரிவு ஆரம்ப வருடங்களின் பெறுபேறுகளைக் கொண்டே நடப்பதால், கணிதத்தையும் முதல் வருடத்திலிருந்தே அவன் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இறுதி வருட ஆய்வைத் திண்மநிலைப் பௌதிகவியலிலோ இலத்திரனியல் அளவீட்டிலோ செய்வது நல்லது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பௌதிகவியல் கலாநிதி மாணவருக்குப் பெரும்பாலும் கல்விக் கட்டணமும் மாத உதவித்தொகையும் கிடைக்கும் என்பதை அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள். தலகாசிக் காந்தங்களில் அளவீட்டு நேரமும் விலைக்கு விற்கப்படுவதில்லை. ஆய்வு முன்மொழிவை எழுதி அனுப்பினால், அதன் தரத்தை மதிப்பிட்டே நேரம் ஒதுக்குகிறார்கள்.