வைரம் யாருக்குச் சொந்தம்? நாடுகளின் செழிப்பும் ஆட்சியமைப்பும்: ஒரு விவாதம்

வழிப்போக்கன்:

ஒரு நாடு செழிப்பதற்கும் இன்னொரு நாடு வறுமையில் உழல்வதற்கும் காரணம் கேட்டால் மண்வளம், தட்பவெப்பம், பண்பாடு, உழைப்பு என்று பல விடைகள் வருகின்றன. இவற்றில் எதையும் நான் முற்றாக மறுக்கவில்லை. ஆனால் ஆட்சியும் பொருளாதாரமும் எந்த விதிகளின்படி நடக்கின்றன, அந்த விதிகள் அதிகாரத்தில் இருப்பவரையும் கட்டுப்படுத்துகின்றனவா என்பதே இவை எல்லாவற்றையும்விட முக்கியம் என்பது என் துணிபு. வைரம் கிடைத்த இரண்டு ஆப்பிரிக்க நாடுகளை வைத்து இதை விளக்குகிறேன்.

போட்ஸ்வானா 1966இல் விடுதலை பெற்றபோது நாடு முழுவதிலும் இருந்த தார்ச்சாலை சுமார் 12 கிலோமீட்டர். பிரிட்டிஷார் அந்நாட்டை ஆண்டதுகூட அதன் எல்லைக்கு வெளியே, தென்னாப்பிரிக்காவின் மாஃபெக்கிங் நகரில் உட்கார்ந்துகொண்டுதான். அடுத்த ஆண்டு ஒராபாவில் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. அது பாமங்வாடோ குலத்தாரின் நிலப்பகுதி. முதல் குடியரசுத் தலைவரான செரெட்சே காமா அதே குலத்தின் தலைமைக் குடும்பத்தில் பிறந்தவர். கனிம உரிமை அந்தந்தக் குலத்துக்கே என்று விட்டிருந்தால் முதலில் பணம் குவிந்திருப்பது அவருடைய உறவினர்களிடம்தான். மற்ற குலங்களும் வாய்மூடி இருந்திருக்க மாட்டா. ஆனால் 1967இல் வந்த சட்டம் குலங்களிடம் இருந்த கனிம உரிமையை நாட்டுக்கு மாற்றியது. பின்னர் வந்த வைர வருவாய் சாலையாகவும் பள்ளியாகவும் மருத்துவமனையாகவும் மாறியது.

சியரா லியோனில் வைரம் 1930இலேயே கிடைத்துவிட்டது. அங்கே 1968 முதல் 1985 வரை ஆண்டவர் சியாகா ஸ்டீவன்ஸ். ஃப்ரீடவுனிலிருந்து போ நகர் வழியாக உள்நாட்டுக்குச் சென்ற ரயில்பாதையில்தான் காப்பியும் கோக்கோவும் துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்தன. அது எதிர்க்கட்சியின் கோட்டையாக இருந்த மெண்டே மக்களின் பகுதி. அவருடைய ஆட்சியில் அந்தப் பாதை மூடப்பட்டது, தண்டவாளங்கள் பெயர்த்து விற்கப்பட்டன. ஒரு பகுதி மக்கள் விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுபோகும் வழியே அற்றுப்போனது. வைரம் இரண்டு நாடுகளிலும் இருந்தது. அதைக் கையாண்ட விதிகள்தான் வேறு.

தராசு:

வழிப்போக்கன் அவர்களின் பதிவை மதிப்போடு படித்தேன், ஆனால் அதன் அடிப்படையிலேயே எனக்கு உடன்பாடில்லை. முதலில் ஒரு சிறு திருத்தம்: அந்த ரயில்பாதை நட்டத்தில் ஓடியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூடியதற்குப் பழிவாங்கல் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

இனி பெரிய விஷயத்துக்கு வருகிறேன். அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் விதிகளே செழிப்பைத் தருகின்றன என்றால், தென்கொரியாவை எப்படி விளக்குவீர்கள்? 1961இல் இராணுவப் புரட்சி நடத்தி ஆட்சியைப் பிடித்த பார்க் சுங் ஹீ, 1979இல் சுட்டுக் கொல்லப்படும்வரை ஆண்டார். நாடாளுமன்றம் அவரைக் கட்டுப்படுத்தவில்லை, வங்கிகள் அவர் கையில் இருந்தன. ஏற்றுமதியில் முன்னேறிய நிறுவனங்களுக்குக் கடன் கிடைத்தது, பின்தங்கியவற்றுக்குக் கதவு மூடப்பட்டது. அவர் வந்தபோது தனிநபர் வருமானம் ஆண்டுக்கு 100 டாலருக்கும் கீழே. அங்கிருந்துதான் எஃகு, கப்பல், மின்னணுப் பொருள்கள் என்று அந்நாடு ஏறியது. மக்கள் தெருவில் இறங்கி நேரடித் தேர்தலைப் பெற்றது 1987இல். செழிப்பு முன்னே வந்தது, நீங்கள் போற்றும் அமைப்பு அதன் பின்னே வந்தது.

ஹெய்ட்டியைப் பற்றியும் நீங்கள் யோசிக்க வேண்டும். பிரெஞ்சுக் காலனியாக இருந்து, அடிமைகள் தாமே போராடி 1804இல் விடுதலை அடைந்த கரீபிய நாடு அது. 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, இழந்த சொத்துக்கு ஈடாக 150 மில்லியன் பிராங்க் கேட்டது. அடிமைகளாக இருந்தவர்கள் தம் சொந்த உடலுக்கே விலை கொடுக்க வேண்டியதாயிற்று! தொகை பின்னர் 90 மில்லியனாகக் குறைக்கப்பட்டாலும், அதற்காக வாங்கிய கடன்கள் தீர்ந்தது 1947இல்தான். அந்த நாட்டில் எவ்வளவு நல்ல சட்டம் எழுதியிருந்தாலும் பள்ளிக்கூடம் கட்டப் பணம் எங்கிருந்து வந்திருக்கும்? வெளியாரின் வலிமையைக் கணக்கில் எடுக்காமல் உள்ளூர் அமைப்பின் மேல் பழியைப் போடுவது ஏழை நாடுகளுக்கு இழைக்கும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

வழிப்போக்கன்:

ஹெய்ட்டி பற்றி நீங்கள் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன், அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் கடனும் பலவந்தமாகத் திணிக்கப்பட்ட ஒரு விதிதானே?

கொரியா விஷயத்தில் கதையை 1961இல் தொடங்குவதுதான் சிக்கல். 1949இல் நிறைவேறி அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம், ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளக்கூடிய விளைநிலத்துக்குச் சுமார் 3 ஹெக்டேர் என்று உச்சவரம்பு விதித்தது. நிலக்கிழார்களுக்கு ஈடாகத் தரப்பட்ட பத்திரங்களின் மதிப்பைப் பணவீக்கம் தின்றுவிட்டது. குத்தகைக்கு உழுதவன் நிலத்துக்குச் சொந்தக்காரனானான், பிள்ளைகளைப் படிக்க வைத்தான். ஆலைகளுக்குப் போன தலைமுறை அது. பார்க் ஏறி நின்ற மேடையை அவர் கட்டவில்லை.

இதைவிட நெருக்கமான சான்று சீனாவின் அன்ஹூய் மாகாணத்தில் உள்ள சியாவோகாங் கிராமம். 1978 இறுதியில் அங்கே 18 விவசாயிகள் இரகசியமாகக் கூடி, கூட்டுப்பண்ணை நிலத்தைத் தங்களுக்குள் குடும்பவாரியாகப் பிரித்துக்கொண்டார்கள். அரசுக்குரிய பங்கைக் கொடுத்தபின் மிஞ்சுவது அந்தந்தக் குடும்பத்துக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கைரேகை வைத்தார்கள். இதற்காக யாராவது சிறைக்குப் போனால், அவர் பிள்ளைகளை 18 வயதுவரை மற்றவர்கள் வளர்ப்பது என்பதும் அந்த உடன்பாட்டில் சேர்ந்தது. மண் மாறவில்லை, மழை மாறவில்லை, உழுத கைகளும் மாறவில்லை. மிஞ்சும் நெல் யாருக்கு என்ற ஒரே விதிதான் மாறியது. அந்த முறை நாடெங்கும் பரவியபின், 1978இல் 30 கோடி டன்னை ஒட்டியிருந்த தானிய விளைச்சல் 1984இல் 40 கோடி டன்னைத் தாண்டியது. அரசு உயர்த்திக் கொடுத்த கொள்முதல் விலைக்கும் உரத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆயினும் சிறைக்குத் துணிந்து மனிதர் கைரேகை வைத்தது உரத்துக்காக அன்று.

ஏர்முனை:

இருவரும் மன்னிக்க வேண்டும், இடையில் நுழைகிறேன். போட்ஸ்வானாவை இவ்வளவு உயர்த்திப் பேசும்போது, வருமான ஏற்றத்தாழ்வு உலகிலேயே மிகக் கடுமையாக உள்ள நாடுகளில் அதுவும் ஒன்று என்பதை யாரும் குறிப்பிடவில்லை. மத்திய கலஹாரி வனவிலங்குக் காப்பகத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த சான் பழங்குடி மக்களை 1997இலும் 2002இலும் அரசு வெளியேற்றியது. குடிநீர்கூட நிறுத்தப்பட்டது. வைரம் நாட்டுக்குச் சொந்தம் என்று சட்டம் சொல்கிறது, சரி. அந்த ‘நாடு’ என்ற சொல்லுக்குள் அவர்கள் இருந்தார்களா? நல்ல அமைப்பு என்று நாம் பாராட்டுவது யாருடைய கண்ணுக்கு நல்லது என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.

தராசு:

ஏர்முனை கேட்டது மிகச் சரியான கேள்வி. அதோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன். சியரா லியோனிலும் 1970களின் தொடக்கத்தில் வைரச் சுரங்க நிறுவனத்தின் 51 விழுக்காடு அரசுக்கு மாற்றப்பட்டது. போட்ஸ்வானா அரசு 50 விழுக்காட்டை எட்டியதே 1975இல்தான். ஏட்டளவில் பார்த்தால் ஸ்டீவன்ஸின் விதியும் காமாவின் விதியும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே விதி என்ற ஒன்றை மட்டும் வைத்து எதையும் விளக்கிவிட முடியாது. நன்றாக முடிந்த இடத்தில் ‘நல்ல அமைப்பு’ என்றும், கெட்டு முடிந்த இடத்தில் ‘கெட்ட அமைப்பு’ என்றும் பின்னால் பெயர் சூட்டுவது விளக்கமாகாது. காமா என்ற நல்ல மனிதர் ஒருவர் வாய்த்தார், அவ்வளவுதான் என்று ஒருவர் சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்?

வழிப்போக்கன்:

இந்த விவாதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இந்தக் கேள்விதான். காமாவின் நேர்மையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவர் வளர்ந்த சூழலில் ‘க்கோட்லா’ என்ற ஊர்மன்றம் இருந்தது. அங்கே குலத்தலைவரின் முன்னிலையிலேயே எவரும் எழுந்து அவருடைய முடிவைக் குறைகூறலாம். ‘தலைவன் மக்களால்தான் தலைவன்’ என்பது ட்ஸ்வானா மொழியின் பழமொழி. 1895இல் மூன்று குலத்தலைவர்கள் இலண்டன்வரை சென்று, தம் நிலம் பிரிட்டிஷ் சுரங்க முதலாளி செசில் ரோட்ஸின் நிறுவனத்திடம் போகாமல் காத்தார்கள். ஏட்டில் ஒன்றாக இருந்த விதி ஓரிடத்தில் மட்டும் பிடித்து நின்றதற்கு, தலைவனைக் கேள்வி கேட்டுப் பழகிய அந்த வழக்கத்தையே நான் காரணமாகச் சொல்வேன். அதைத்தான் அமைப்பு என்கிறேன், சட்டப் புத்தகத்தை மட்டும் அன்று.

சான் மக்களுக்கு இழைக்கப்பட்டது அநீதி, அதற்கு நான் சமாதானம் தேடமாட்டேன். அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். வெளியேற்றியது சட்டவிரோதம் என்று 2006இல் உயர் நீதிமன்றம் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதன்பிறகும் அரசு தண்ணீர் தர மறுத்தது. மீண்டும் நீதிமன்றம் ஏறி, ஆழ்துளைக் கிணற்றைப் பயன்படுத்தும் உரிமையை 2011இல் பெற்றார்கள்.

ஏர்முனை:

வழக்கில் வெல்லவும் தண்ணீர் கிடைக்கவும் இடையே நான்கு ஆண்டுகள். அந்த நான்கு ஆண்டுகளையும் நம் கணக்கில் எழுதுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

தராசு:

எழுதத்தான் வேண்டும். வழிப்போக்கன் சொல்லும் அந்த வழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதில் எனக்கு இன்னும் ஐயம் உண்டு, ஏனெனில் வைரப் பணம் தடையின்றி வந்துகொண்டிருக்கும்வரை எந்த அமைப்பும் நல்லதாகத் தெரியும். ஆய்வகத்தில் செய்த வைரங்கள் சந்தைக்கு வந்து, வருவாய் சரியும்போது அது தாங்குமா என்பதே என் கேள்வி. 2024 அக்டோபரில், வைர விற்பனை வீழ்ந்திருந்த நேரத்தில், 58 ஆண்டுகள் ஆண்ட கட்சி போட்ஸ்வானாவில் தேர்தலில் தோற்றது. வாக்குகள் முழுதும் எண்ணி முடியும் முன்பே அதன் தலைவர் தோல்வியை ஒப்புக்கொண்டார். இது உங்கள் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் புதிய ஆட்சியின் கருவூலத்தில் பணம் குறைவு, அதன் முதல் ஐந்து ஆண்டுகள் இன்னும் முடியவில்லை.